நீரஜாவின் மேசை

மந்தைவெளியில் ஒரு மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வரன் சந்திப்பில், ராகவேந்திரன் தொடர்ந்து நான்காவது வாரமாகப் பொய் சொன்னார். சொன்ன பொய் சின்னதுதான். தம் மனைவி நீரஜா கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறாள், அங்கே அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை, அவ்வளவே. ஆனால் அந்தப் பொய் வாராவாரம் தீனி கேட்டது. முதல் வாரம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதோடு தப்பித்தார். இரண்டாம் வாரம் உடம்புக்கு என்ன என்றார்கள், முழங்கால் என்றார். மூன்றாம் வாரம் இடதா வலதா என்றார்கள்; இடது என்றார். நான்காம் வாரம், பதிவு மேசையில் உட்காரும் ஜானகி, கேரளத்துத் தைலம் ஒரு பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்து அவர் கையில் திணித்துவிட்டாள்.

"தையல் ஆறினப்புறம் தடவச் சொல்லுங்கோ. நடக்க முடியாதவாகூட இதைத் தடவிண்டு கோவிலைச் சுத்தியிருக்கா. நீரஜா எப்போ வரா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுவா" என்றார் ராகவேந்திரன்.

அடுத்த ஞாயிறு மற்ற ஞாயிறுகளைப் போன்றதல்ல. பதினோரு ஆண்டுகளாக நடந்துவரும் அந்தச் சந்திப்பின் வழியாகக் கூடிவந்த திருமணங்கள் ஐந்நூறைத் தொட்டிருந்தன. அதை நடத்தும் அமைப்பின் தலைவர் ஸ்ரீரங்கன், ராகவேந்திரனுக்குக் கல்லூரி நாட்களிலிருந்து நண்பர். ஐந்நூறைக் கொண்டாடியே தீர்வது என்று அவர் முடிவு செய்து, ஞாயிறுதோறும் மைக் பிடிக்கும் ராகவேந்திரன், ஜானகியின் பக்கத்து மேசையில் பதிவு எழுதும் நீரஜா இருவருக்கும் மேடையில் பொன்னாடை போர்த்தப்படும் என்று அழைப்பிதழிலும் அச்சிட்டுவிட்டார். பெயர்களுக்கு மேலே 'இலட்சியத் தம்பதி' என்று தங்க நிற எழுத்துகள் வளைந்து நின்றன.

உண்மையில் நீரஜா கோயம்புத்தூரில் இல்லை. அடையாற்றின் மறுகரையில், கோட்டூர்புரத்தில் இருந்தாள். ஆட்டோவில் இருபது நிமிடத் தொலைவு.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, அவர் விரித்துப் பிடித்திருந்த செய்தித்தாளுக்கு எதிரே நின்று அவள் சொன்னாள்: "நான் இன்னிக்குக் கிளம்பறேன். கோட்டூர்புரத்துல சின்னதா ஒரு வீடு பார்த்துண்டாச்சு. திரும்பி வரதா இல்லை. ஏன்னு யோசிச்சுப் பாருங்கோ. தெரியலேன்னா வந்து கேளுங்கோ, சொல்றேன். விலாசம் அலமாரியில எழுதி வெச்சிருக்கேன்."

ராகவேந்திரன் செய்தித்தாளை மடிக்காமலேயே, "மத்தியானத்துக்கு என்ன பண்ணியிருக்கே?" என்று கேட்டார்.

அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் இருபத்தேழு வருடம் பழகிய மனத்தில் அப்படியொரு சேதியை இறக்கிவைக்க இடமே இருக்கவில்லை. அதனால் தினமும் கேட்கும் கேள்வி முந்திக்கொண்டு வந்துவிட்டது. "வாழைக்காய்க் கறி. ரசம் அடுப்புல இருக்கு" என்று அவளும் பதில் சொன்னாள். பிறகு இரண்டு பெட்டிகளோடு படியிறங்கிப் போனாள். மாலைக்குள் திரும்பிவிடுவாள் என்றே அவர் நினைத்தார். அன்று மதியம் அந்தக் கறியைச் சாப்பிட்டதும், உப்பு சரியாக இருக்கிறது என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டதும் பிற்பாடு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்குக் காதுமடல் சுட்டது.

துக்கம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்தது வெட்கம். வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தால் வெட்கம், எதிர் ஃபிளாட்டுக் கதவு திறந்தால் வெட்கம். தினமும் காலை பூக்காரி இரண்டு முழம் கதம்பத்தை வாழையிலையில் கட்டிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் பதில் வேண்டும். ஆகவே பூ வந்துகொண்டே இருந்தது. பூஜை அலமாரியிலிருந்த படங்களுக்கெல்லாம் சாத்தியும் மிஞ்சியது. மிஞ்சியதைக் காய்ந்த பிறகு காகிதத்தில் பொட்டலம் கட்டி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, குப்பைத் தொட்டியின் அடியில் கொண்டுபோய் வைத்தார். வங்கியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாடிய பூவை ஒளித்துவைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

யோசிக்கச் சொல்லியிருந்தாள் அல்லவா? யோசித்தார். அவரைப் போன்ற ஒருவர் எங்கே தேடுவாரோ அங்கேயே தேடினார்: பீரோவைத் திறந்து ஜாதகத்தை எடுத்தார்.

ஜாதகத்தில் ஒரு கள்ளம் இருந்தது. நீரஜாவின் நட்சத்திரம் ஹஸ்தம். அவருடையது, பிறந்த நேரப்படி, திருவோணம். இரண்டும் ஒரே ரஜ்ஜு. மற்ற பொருத்தங்கள் எத்தனை அமைந்தாலும் ரஜ்ஜு தட்டினால் பெரியவர்கள் சேர்க்க மாட்டார்கள், பெண்ணின் வாழ்வுக்கு ஆகாது என்பார்கள். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தபின் அவருக்கு அவளை விட மனமில்லை. அவருடைய அப்பா பேனாவை எடுத்து, காலை ஆறு பதினான்கு என்றிருந்த நேரத்தை ஆறு நாற்பத்துநான்கு என்று எழுதிப் புதுப் பிரதி ஒன்று தயாரித்தார். அந்த முப்பது நிமிடத்தில் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிடும், ரஜ்ஜுவும் மாறிவிடும். ராகவேந்திரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் இதே ராகவேந்திரன்தான் ஞாயிறுதோறும் மைக்கைப் பிடித்து, "பிறந்த நேரத்தை மட்டும் மாத்தாதேங்கோ, அது நாமளே நம்மளை ஏமாத்திக்கறது" என்று பெற்றோர்களுக்கு உபதேசம் செய்துவந்தார்.

அதுதான் காரணம் என்று முடிவுகட்டியபோது அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. விதியை ஏய்த்தோம், விதி வந்து வசூலித்துக்கொண்டது. இதை நீரஜாவிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட கையோடு, அடுத்த ஞாயிறு ஒரே ஒரு மணி நேரம் மேடைக்கு வந்துவிட்டுப் போகும்படியும் கேட்க வேண்டும். இவ்விரண்டில் எதற்காகத் தாம் உண்மையில் கிளம்புகிறோம் என்பதை அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஜாதகத்தையும் தைலத்தையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார். தைலத்தை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் அது கண்ணில் பட்டுக்கொண்டிருந்ததைத் தாங்க முடியவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆட்டோக்காரர் பேச்சுக்கு ஆள் தேடுபவர். பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:

"லைப்ரரியாண்டயா சார் எறங்கணும்?"

"இல்லை, அதுக்குப் பின்னாடி குடியிருப்பு. சொந்தக்காரா வீடு."

"சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறவரு இன்னா சார், பரிச்சைக்குப் போற பையன் மாதிரி பைய இறுக்கிப் புட்ச்சிகினு கீறீங்க?"

ராகவேந்திரன் பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார். மனைவியை 'சொந்தக்காரா' என்று ஓர் அந்நியரிடம் சொல்ல நேர்ந்ததை நினைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த நீரஜா, "வாங்கோ" என்றாள். விருந்தாளியிடம் சொல்லும் வாங்கோ. உள்ளே ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலறை. மேசை மீது அச்சகத்திலிருந்து வந்த கணக்குப் பாடநூல் தாள்கள் பரவியிருந்தன. பள்ளியில் இருபது வருடம் கணக்கு சொல்லித்தந்தவள், இப்போது பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறாள் போலும். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெலிந்திருப்பாள், கண்ணில் ஈரம் இருக்கும் என்றெல்லாம் வழிநெடுகக் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தார். அவள் நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல இருந்தாள்.

முதலில் ஞாயிறைப் பற்றித்தான் அவர் வாயில் வந்தது. ஸ்ரீரங்கன் கேட்காமலே அச்சிட்டுவிட்டார், இருநூறு பேருக்கு அழைப்புப் போயிருக்கிறது, வந்து நின்றால் போதும், ஒரு மணி நேரம், பிறகு தாமே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிடுவதாக விளக்கினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பொன்னாடை என்ன கலர்?"

"பச்சைன்னு நெனைக்கறேன்" என்றார் ராகவேந்திரன், அது கேள்விதான் என்று நம்பி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தார். எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தபடியே தொடங்கி, அப்பாவையும் பேனாவையும் முப்பது நிமிடத்தையும் திருவோணத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். தலை கவிழ்ந்திருந்தது. இருபத்தேழு வருடம் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டதாக நினைத்தார்.

"உங்கப்பா டைரியைப் பரண்லேர்ந்து எடுத்து வெயில்ல காய வெச்சது யாரு? நான்தானே" என்றாள் நீரஜா. "பையன் ஜனனம் ஆறு பதினாலுன்னு அவர் கையாலயே எழுதி வெச்சிருக்கார். கல்யாணமாகி ரெண்டாம் வருஷமே எனக்குத் தெரியும். என்னைப் பிடிச்சுப்போய்த்தானே பண்ணினேள்னு சந்தோஷமாக்கூட இருந்தது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம் போறும். ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை மைக்ல என்ன பேசினேள், அதைச் சொல்லுங்கோ."

அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது கைதட்டல்தான். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பேச்சு வந்தது. அந்த ஞாயிறு, ஏறக்குறைய நிச்சயமாகிவிட்ட ஒரு சம்பந்தத்தைப் பெண்ணின் தந்தை கலைக்கப் பார்த்தார். பையன் ஜாதகத்தில் புத்திர பாக்கியம் குறைவு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அவரைத் தேற்ற ராகவேந்திரன் மைக்கை எடுத்தார். தம் இல்லறத்தை உதாரணம் காட்டுவது அவருடைய வழக்கம். கூட்டத்துக்கும் அது பிடிக்கும். அன்று ஒரு படி மேலே போனார்.

"எங்களுக்கும் குழந்தை இல்லை. குறை அவகிட்டன்னு டாக்டரே சொல்லியாச்சு. அதுக்காக நான் அவளை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இன்னி வரைக்கும் சொன்னதில்லை. பொருத்தம்னா அதுதான், ஸ்வாமி."

கூடம் தட்டியது. பெண்ணின் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தம் கூடியது; அதுவும் ஐந்நூறில் ஒன்று.

"எந்த டாக்டர்?" என்று கேட்டாள் நீரஜா. "பேர் சொல்லுங்கோ."

ராகவேந்திரன் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை, இல்லாத பெயர் எப்படி வரும்? வந்தது தியாகராய நகரில் ஒரு மாடிப்படி, படியேறினால் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறை, அவள் மடியில் ஒரு பழுப்பு நிற உறை. இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. உறையிலிருந்த எல்லா அறிக்கைகளும் அவளுக்குக் குறையில்லை என்றன. அடுத்து கணவரை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அந்த மாதம் வங்கியில் ஆய்வு இருந்தது. அடுத்த மாதம் வருடக் கடைசி. அதற்கடுத்து வேலூருக்கு மாற்றல். அப்புறம் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். அவருடைய அம்மா ஒருநாள் சமையலறையில் அவளை நிறுத்திவைத்து, டாக்டர் என்னதான் சொன்னார் என்று கேட்டபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதில் விழும்படியாகவே, "எனக்குத்தான்மா" என்று சொல்லி அவள் அந்தப் பேச்சை மூடினாள். அன்றிரவு அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மல்லிகைப்பூ வாங்கிவந்தார்.

அவருக்குத் தெரியும். தெரிந்தே இருந்தது. எந்த வருடத்தில், எந்த மாதத்தில் அது தெரியாமல் போயிற்று என்பதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. நன்றியாக இருந்தது மெல்ல மெல்லத் தகவலாகி, தகவல் பெருந்தன்மையாகி, கடைசியில் மைக்குக்கு முன்னால் உதாரணமாகிவிட்டது.

நீரஜா குரலை உயர்த்தவில்லை. "அது பொய்ன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படித்தான் நெனச்சிண்டிருந்தேன். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த வரைக்கும் அது என்னை ஒண்ணும் பண்ணலை. உங்களுக்காக ஒண்ணு செஞ்சிருக்கேன்னு ஒரு பெருமைகூட. நீங்க அதை நிஜம்னே நம்பிட்டேள்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"நீரஜா" என்றார் அவர்.

"இன்னும் இருக்கு. அப்போ என் எதிர்ல ஒரு அம்மா உட்கார்ந்திண்டிருந்தா. பொண்ணோட ஃபார்ம்."

வரன் சந்திப்பில் ஒரு வழக்கம் உண்டு. படிவத்தை எழுதும் முன், மேசையில் இருப்பவர் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தொட்டுவைப்பார். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதைப் போல. அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவளே நீரஜாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய ஆள்காட்டி விரல் சாயங்காலம் வரை மஞ்சளாகவே இருக்கும்.

"ரெண்டு மூலைக்கு மஞ்சள் வெச்சாச்சு. உங்க பேச்சு முடிஞ்சது, எல்லாரும் கை தட்டினா, திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தா. அந்த அம்மா ஃபார்மை மெதுவா இழுத்துண்டா. 'முதமுதல்ல எழுதறது, தப்பா நெனச்சுக்காதேங்கோ'ன்னுட்டு ஜானகி மேசைக்குப் போனா. நான் தப்பா நெனச்சுக்கலை. பொண்ணைப் பெத்தவ, பயப்படறா. ஆனா நீங்க மேடையிலேர்ந்து பார்த்தேள். பார்த்துட்டு மைக்ல என்ன சொன்னேள்?"

அதுவும் நினைவில் இருந்தது. 'ரெண்டு மேசையும் ஒண்ணுதான், கூட்டம் இல்லாத இடமாப் போய் எழுதிக்கோங்கோ' என்று சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்புறம் அஞ்சு வாரம் வந்தேன். என் மேசைக்குப் பிள்ளை வீட்டுக்காரா வந்தா. பொண்ணு வீட்டுக்காரா ஒருத்தர்கூட வரலை. ஜானகி மேசையில வரிசை வாசல் வரைக்கும் நின்னுது. நான் பென்சில் சீவிண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க ஆத்துக்கு வந்து, 'இப்பல்லாம் உனக்கு வேலை கம்மியாயிடுத்து, நல்லதாப் போச்சு'ன்னேள்."

சமையலறையில் குக்கர் ஒருமுறை கூவியது. எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். ஒரு ஆளுக்கு அளவான சின்னக் குக்கர். ராகவேந்திரன் ஜாதகத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். மன்னிப்பு என்ற சொல் மனத்தில் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"நாளைக்கே போய் அந்த டெஸ்ட்டை எடுத்துக்கறேன்" என்றார் கடைசியில்.

"அறுபத்தோரு வயசுல எதுக்கு? அதுக்கும் ஒரு நல்ல நாள் பார்ப்பேள்."

"அப்போ ஞாயித்துக்கிழமை மைக்ல, எல்லார் முன்னாடியும், நான் சொன்னது பொய், குறை அவகிட்ட இல்லைன்னு சொல்லிடறேன். எங்கே சொன்னேனோ அங்கேயே சொல்லணும், இல்லையா?"

இதை அவர் மனமுருகித்தான் சொன்னார். சொல்லும்போதே கூடத்தின் அமைதியும், அதன் முடிவில் தம் முகமும்கூட அவருக்குத் தெரிந்தன. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்றாள். "அதுக்கும் கை தட்டுவா. எப்பேர்ப்பட்ட மனுஷர், ஒத்துண்டுட்டாரேம்பா. அதுலயும் நீங்கதான் பெரியவர், நான் உதாரணம். என் பேரை அந்த மைக்ல இனிமே எடுக்காதேங்கோ. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்."

அவமானத்திலிருந்து வெளியே போக ஒரே ஒரு வாசல் இருந்தது. அதையும் அவள் சாத்திவிட்டாள். சாத்தியது நியாயம் என்பது புரிந்ததுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"திரும்பி வர மாட்டியா?"

"மாட்டேன். கோபமா இருந்தா வந்திருப்பேன். சண்டை போட்டு முடிக்கலாமேன்னு. கோபம் இல்லை." பேச்சை மாற்றுகிறவளாக, "பையில இன்னும் என்ன கனமா இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் தைலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கோயம்புத்தூரையும் அறுவைச் சிகிச்சையையும் இடது முழங்காலையும் சொல்ல வேண்டியதாயிற்று. நீரஜா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநாட்களுக்குப் பிறகு அவர் கேட்கும் சிரிப்பு. அதில் தமக்குப் பங்கில்லை என்பது தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா இப்பவும் மூணு மாடி ஏறி இறங்கறா. பாவம், அவ காலை ஒடிச்சுட்டேளே. நல்ல தைலம், வீணாப் போகப்படாது. ஜானகிகிட்டயே குடுத்துடுங்கோ."

ஞாயிறு காலை எட்டரைக்கே ராகவேந்திரன் கூடத்துக்குப் போய்விட்டார். வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் பட்டு வேட்டியில், ஒரு கையில் மைக்கைத் தட்டிப் பார்த்தபடி நின்றார். ராகவேந்திரன் அவரை ஓரமாக அழைத்துப்போய், நீரஜா வர மாட்டாள், தாமும் மேடையேறப் போவதில்லை, இனி மைக்கும் பிடிப்பதாக இல்லை என்று சொன்னார். ஏன் என்ற கேள்விக்கு, அவள் தம்மோடு இல்லை, தவறு தம்முடையது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஸ்ரீரங்கன் நம்பவில்லை, நம்பியபோது நண்பனைவிட அழைப்பிதழைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்.

"இருநூறு பேர்கிட்ட சொல்லியாச்சுடா. உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். ஒரு மணி நேரம் வந்து நின்னுட்டுப் போனா அவளுக்கு என்ன கொறைஞ்சுடப் போறது?"

செவ்வாய்க்கிழமை தாம் பேசியது மற்றொருவர் வாயிலிருந்து திரும்பி வந்தபோது, ராகவேந்திரனுக்கு அதன் உருவம் முழுதாகத் தெரிந்தது. பதிவு மேசைகளின் பக்கம் நடந்தார்.

ஜானகி தன் மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தைலப் பாட்டிலை அவள் முன்னால் வைத்தார்.

"யாருக்கும் முழங்கால் வலி இல்லை, மாமி. நான் சொன்னதெல்லாம் பொய். நீரஜா என்னை விட்டுட்டுப் போயிட்டா."

ஜானகி பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெரியும். அவ போன மறுநாளே எனக்கு ஃபோன் பண்ணிட்டா" என்றாள். "இடது காலா வலது காலான்னு கேட்டதே நான்தான். நீங்க எத்தனை தூரம் போறேள்னு பார்த்தேன். தைலம் வரைக்கும் வந்துட்டேள்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. நான்கு வாரமாக அந்தக் கூடத்தில் தம் பொய்யைத் தெரிந்துவைத்துக்கொண்டே, தமக்கு நேரே ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள். "நீரஜா மேசையில நான் உட்கார்ந்துக்கட்டுமா? எழுத ஆள் வேணுமே" என்று கேட்டார். ஜானகி தோளைக் குலுக்கிவிட்டு, மஞ்சள் குழைத்த கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

நாற்காலி தாழ்வாக இருந்தது. மேடையிலிருந்து பார்க்கும்போது கூடம் முழுவதும் முகங்களாகத் தெரியும். இங்கிருந்து இடுப்புகளும் பைகளும்தான் தெரிந்தன. இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு டப்பா நிறையப் பென்சில்கள், ஒவ்வொன்றும் ஊசிபோல் சீவப்பட்டு, ஒன்றுகூட எழுதித் தேயாமல் இருந்தன. அவர் இழுப்பறையை மூடினார்.

பத்தரைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்தாறு இருக்கும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். தாய், நாலாய் மடித்த ஜாதகத்தை எடுத்து வைத்துவிட்டு, "பேர் மாளவிகா. நீங்களே எழுதிக்கோங்கோ மாமா, உங்க கைராசிதான் ஊருக்கே தெரியுமே" என்றாள்.

ராகவேந்திரன் ஆள்காட்டி விரலை மஞ்சளில் தொட்டார். விரல் படிவத்துக்கு மேலே நின்றது.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், மாமி. நான் இப்போ தனியா இருக்கேன். ஆத்துல என்னோட யாரும் இல்லை. அது நான் பண்ணின தப்பால. கைராசின்னேள், அதனால சொல்றேன். அந்த மேசையில எழுதிக்கணும்னா எழுதிக்கோங்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அந்த அம்மாள் ஒரு கணம் சங்கடப்பட்டாள். மகள் கைபேசியிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, இவரே எழுதட்டும்" என்று முணுமுணுத்தாள். தாய் அதைக் காதில் வாங்கவில்லை. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, படிவத்தை அவர் கைக்குக் கீழிருந்து மெல்ல இழுத்தாள். காகிதம் மேசையில் உரசும் சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"முதமுதல்ல எழுதறது, மாமா. தப்பா நெனச்சுக்காதேங்கோ."

"இல்லை" என்றார் ராகவேந்திரன்.

அவர்கள் ஜானகியின் வரிசையில் போய் நின்றார்கள். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். அவரும் எழுந்து போனார். அதற்கடுத்தவர், என்ன விஷயம் என்று முன்வரிசையில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, இந்த மேசைக்கு வராமலே போனார். பதினொன்றரைக்கு ஜானகியின் வரிசை வாசலைத் தொட்டது. மேடையில் பொன்னாடைகளை யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல், ஐந்நூறாவது சம்பந்தத்துப் பெற்றோருக்குப் போர்த்திச் சமாளித்துவிட்டு, ஸ்ரீரங்கன் மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"அங்க என்ன அவ்வளவு கூட்டம்? இந்த மேசை காலியாத்தானே இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், இங்க வாங்கோ."

கூட்டம் சிரித்தது. சில தலைகள் திரும்பின. ராகவேந்திரன் எழுந்து போயிருக்கலாம். வாசல் பத்தடியில் இருந்தது. நீரஜா ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தாள். இன்று முதல் வாரம். விரலில் இருந்த மஞ்சள் காய்ந்து தோலை இழுத்தது. அதைத் துடைக்காமல், அடுத்து யாராவது வந்தால் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, புதுப் பென்சில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.